அமெரிக்காவில் ஃப்ரிட்ஜ், ஐரோப்பாவில் அலமாரி: முட்டையை எங்கே வைப்பது சரி?

கடையில் இருந்து முட்டை வாங்கி வந்ததும் என்ன செய்கிறார்கள்? சிலர் நேராக ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கும் குழிகளில் அடுக்குகிறார்கள். சிலர் சமையலறை மூலையில் ஒரு கூடையில் போட்டு வைக்கிறார்கள். இன்னும் சிலர் குழாயைத் திறந்துவிட்டு ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்து அப்புறம்தான் எடுத்து வைக்கிறார்கள். 'ஃப்ரிட்ஜ்ல வச்சாதான் கெடாது' என்று ஒரு வீட்டில் சொன்னால், 'முட்டையை ஃப்ரிட்ஜ்லயே வைக்கக் கூடாது' என்று அடுத்த வீட்டில் சொல்வார்கள்.

இந்தக் குழப்பம் நம்ம ஊரில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் இருந்து ஐரோப்பாவுக்குப் போகிறவர்கள், சூப்பர் மார்க்கெட்டில் சர்க்கரை, மைதா பாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் முட்டை சாதாரணமாக அடுக்கப்பட்டிருப்பதைப் பார்த்து அதிர்ச்சி அடைகிறார்கள். ஐரோப்பாவில் இருந்து அமெரிக்கா போகிறவர்களுக்கோ, பால் பாட்டில்களுக்கு நடுவே குளிர்பெட்டிக்குள் முட்டை இருப்பது விசித்திரமாகத் தெரிகிறது.

இதில் யார் செய்வது சரி? இரண்டு பேர் செய்வதும் சரிதான். ஏனென்றால் இரண்டு பேர் கையில் இருப்பதும் ஒரே மாதிரி முட்டை இல்லை. ஒன்று கழுவப்பட்டது, இன்னொன்று கழுவப்படாதது. பிரச்னை எங்கே வருகிறது என்றால், ஒரு நாட்டு முறையில் பாதியையும் இன்னொரு நாட்டு முறையில் பாதியையும் எடுத்துக் கலக்கும்போதுதான்.

முட்டை ஓடு பார்க்க மட்டும்தான் கெட்டி

முட்டை ஓடு கல் மாதிரி தெரிந்தாலும் அது சல்லடை மாதிரிதான். ஒரு முட்டையின் ஓட்டில் சுமார் 7,000 முதல் 17,000 வரை கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. உள்ளே குஞ்சு வளர்ந்தால் அது மூச்சுவிட வேண்டும் இல்லையா? அதற்கான வழி அது.

காற்று போகும் வழியில் கிருமியும் போகலாம். அதைத் தடுக்க, முட்டையிடும் கடைசி நேரத்தில் கோழியின் உடலே ஓட்டின் மேல் மெல்லிய ஒரு பூச்சைப் பூசிவிடுகிறது. பெரும்பாலும் புரதத்தால் ஆன இந்தப் பூச்சுக்குப் பெயர் க்யூட்டிகிள். சில நிமிடங்களில் காய்ந்து, நுண்துளைகளின் வாயை இது மூடிவிடும். உள்ளே இருக்கும் ஈரம் வேகமாக வெளியேறாது. வெளியே இருக்கும் பாக்டீரியா சுலபமாக உள்ளே நுழையாது.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கோழி ஒரே நாளில் எல்லா முட்டைகளையும் இடுவதில்லை. ஒரு நாளைக்கு ஒன்று என்று பத்துப் பன்னிரண்டு முட்டைகள் சேர்ந்த பிறகுதான் அடைக்கு உட்காரும். முதல் நாள் இட்ட முட்டை, அடைகாக்கத் தொடங்கும் வரை பத்துப் பதினைந்து நாட்கள் வெட்டவெளியில் கெடாமல் கிடக்க வேண்டும். அதன் பிறகு 21 நாள் கோழியின் உடல் சூட்டிலும் தாக்குப்பிடிக்க வேண்டும். அதற்கான ஏற்பாடுதான் இந்தப் பூச்சு. வெள்ளைக் கருவும் தன் பங்குக்கு வேலை செய்கிறது. அதில் உள்ள லைசோசைம் என்ற புரதம் சில பாக்டீரியாக்களின் சுவரையே உடைக்கும். இன்னொரு புரதம், பாக்டீரியா வளரத் தேவையான இரும்புச்சத்தைக் கட்டிப்போட்டுவிடும்.

ஆனால் இந்தக் காவல் நிரந்தரம் இல்லை. நாளாக ஆக, குறிப்பாகச் சூட்டில், மஞ்சள் கருவைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு பலவீனமாகிறது. மஞ்சள் கருவில் இருக்கும் சத்து வெள்ளைக் கருவுக்குள் கசிகிறது. அதுவரை பட்டினியில் இருந்த கிருமிக்கு அப்போது சாப்பாடு கிடைத்துவிடுகிறது. 'முட்டையை எங்கே வைப்பது' என்ற கேள்வியின் அடிப்படை இதுதான்.

அமெரிக்கா: கழுவினால் குளிர வைத்தே ஆக வேண்டும்

அமெரிக்காவில் கடைக்கு வரும் முட்டைகள் பெரும்பாலும் இயந்திரத்தில் கழுவப்பட்டவை. அந்நாட்டு வேளாண் துறையின் தரமுத்திரை பெறும் முட்டைகளுக்கு இது கட்டாயம். ஓட்டில் ஒட்டியிருக்கும் எச்சமும் அழுக்கும் போய்விட்டால் கிருமியும் போய்விடும் என்பது அவர்கள் கணக்கு.

எப்படிக் கழுவுவது என்பதற்கும் விதி இருக்கிறது. தண்ணீர் குறைந்தது 32 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். அதோடு முட்டையின் சூட்டைவிடச் சுமார் 11 டிகிரி அதிகமாகவும் இருக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் முட்டைக்குள் இருப்பவை சுருங்கும். சுருங்கும்போது வெளியே இருக்கும் தண்ணீரை, அதிலுள்ள கிருமியோடு சேர்த்து, நுண்துளைகள் வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். வெந்நீர் என்றால் அப்படி நடக்காது.

ஆனால் கழுவும்போது அழுக்கோடு சேர்ந்து க்யூட்டிகிள் பூச்சும் சேதமாகிவிடுகிறது. காவல்காரரை வெளியே அனுப்பிவிட்டோம், இனி பூட்டுதான் துணை என்கிற நிலை. அந்தப் பூட்டுதான் குளிர். பெரிய பண்ணைகளில் முட்டையிட்ட 36 மணி நேரத்துக்குள் அதை 7.2 டிகிரிக்கு மேல் போகாத குளிரில் வைக்க வேண்டும் என்கிறது 2009-இல் வந்த அமெரிக்க விதி. லாரி, கடை, வீடு என்று அந்தக் குளிர் நடுவில் அறுபடக் கூடாது. அப்படி வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் 3 முதல் 5 வாரங்கள் வரை வைத்துக்கொள்ளலாம் என்பது அந்நாட்டு அரசின் வழிகாட்டுதல்.

விதி இருப்பதாலேயே ஆபத்து இல்லாமல் போய்விடவில்லை. 2010-இல் சால்மோனெல்லா கிருமி பரவியதால் 50 கோடிக்கும் அதிகமான முட்டைகளை அமெரிக்காவில் திரும்பப் பெற வேண்டியிருந்தது.

ஐரோப்பா: கழுவவே கூடாது

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி இதற்கு நேர் எதிர். கடையில் விற்கும் முதல் தர முட்டையைக் கழுவக் கூடாது. ஸ்வீடன் போன்ற ஒருசில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. இயற்கை கொடுத்த பூச்சைக் கெடுக்காமல் வைத்தால் போதும், முட்டை தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்பது இந்த வழியின் நம்பிக்கை. இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. கழுவி மறைக்க முடியாது என்றால், பண்ணைக்காரர் கோழி முட்டையிடும் இடத்தையே சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

கடையில் ஏன் குளிர வைப்பதில்லை? குளிர்ந்த முட்டையை வெளியே எடுத்தால் அதன் மேல் வியர்த்தது மாதிரி நீர் கோத்துக்கொள்ளும். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த தண்ணீர் பாட்டிலில் பார்ப்பதுதான். அந்த ஈரத்தில் ஓட்டின் மேல் இருக்கும் கிருமி பெருகும். பூச்சையும் தாண்டி உள்ளே போக அதற்கு வழி கிடைக்கும். கடையில் குளிர்பெட்டி, போகும் வழியில் வெயில், வீட்டில் மறுபடி ஃப்ரிட்ஜ் என்று மாறி மாறிப் போவதைவிட, கடை வரைக்கும் ஒரே சீரான வெப்பநிலையில் இருப்பது மேல்.

ஆனால் ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. 'ஐரோப்பாக்காரங்க முட்டையை ஃப்ரிட்ஜ்லயே வைக்க மாட்டாங்க' என்பது பாதி உண்மைதான். வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு குளிரில் வைக்கவும் என்ற அறிவுரை முட்டைப் பெட்டியில் இருக்க வேண்டும் என்பதும் அதே ஐரோப்பிய விதிதான். முட்டையிட்ட நாளில் இருந்து 28 நாட்களுக்கு மிகாமல் 'இதற்குள் பயன்படுத்தவும்' என்ற தேதியும் போடுகிறார்கள். முட்டையிட்டு ஒன்பது நாட்கள் வரை 'எக்ஸ்ட்ரா' என்று தனியாகக் குறிப்பிட்டு விற்கவும் அனுமதி உண்டு.

பிரிட்டனை உலுக்கிய ஒரு வாக்கியம்

கழுவாத முட்டையை நம்புவதற்கு இன்னொரு காரணமும் தேவை. சால்மோனெல்லா ஓட்டின் மேல் மட்டும் இருப்பதில்லை. கோழிக்கே தொற்று இருந்தால், ஓடு உருவாவதற்கு முன்பே கிருமி முட்டைக்குள் போய்விடலாம். அப்படிப்பட்ட முட்டையை எத்தனை முறை கழுவினாலும் பயன் இல்லை.

1988 டிசம்பரில், பிரிட்டனின் சுகாதாரத் துறை இணை அமைச்சராக இருந்த எட்வினா கர்ரி, நாட்டின் பெரும்பாலான முட்டை உற்பத்தியில் சால்மோனெல்லா பாதிப்பு இருப்பதாகச் சொன்னார். முட்டை விற்பனை சரிந்தது. கொந்தளித்த பண்ணையாளர்களின் எதிர்ப்பால் இரண்டே வாரத்தில் அவர் பதவி விலக வேண்டியதாயிற்று.

ஆனால் பிரச்னை நிஜம். 1998-இல் பிரிட்டன் முட்டைத் துறை, சிங்க முத்திரை பெறும் முட்டைகளுக்கான கோழிகளுக்குச் சால்மோனெல்லா தடுப்பூசி போடும் திட்டத்தைக் கொண்டுவந்தது. நோய்த்தொற்று பெருமளவு குறைந்தது. கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்கள் எல்லோரும் முழுதாக வெந்த முட்டையை மட்டுமே சாப்பிட வேண்டும் என்று அதுவரை சொல்லிவந்த அந்நாட்டு உணவுத் தர முகமை, 2017-இல் அந்த அறிவுரையை மாற்றியது. சிங்க முத்திரை முட்டை என்றால் அரைவேக்காடாகவும் சாப்பிடலாம் என்றது.

அதாவது, பிரிட்டன் வீடுகளில் மேடையில் இருக்கும் முட்டைக் கூடைக்குப் பின்னால் தடுப்பூசி, பண்ணைச் சுத்தம், தேதி முத்திரை, குளிர்ந்த தட்பவெப்பம் எல்லாம் இருக்கின்றன. கூடையை மட்டும் காப்பியடித்தால் போதாது.

ஜப்பான்: பச்சையாகச் சாப்பிட ஒரு தேதி

சூடான சோற்றின் மேல் பச்சை முட்டையை உடைத்து ஊற்றி, கொஞ்சம் சோயா சாஸ் விட்டுக் கலந்து சாப்பிடுவது ஜப்பானில் சாதாரணமான காலை உணவு. அதற்குத் தகுந்த மாதிரிதான் அங்கே முட்டையைக் கையாளுகிறார்கள். தரம்பிரிக்கும் மையங்களில் முட்டைகளைக் கழுவி, கிருமி நீக்கி, விரிசல் உள்ளவற்றைப் பிரித்தெடுத்த பிறகுதான் பெட்டியில் அடைக்கிறார்கள்.

பெட்டியில் இருக்கும் தேதிக்கும் அங்கே அர்த்தம் வேறு. அந்தத் தேதிக்குள் என்றால் பச்சையாகச் சாப்பிடலாம். அது தாண்டினால் உடனே தூக்கிப் போட வேண்டும் என்று இல்லை. நன்றாக வேகவைத்துச் சீக்கிரம் சாப்பிட வேண்டும். பல கடைகளில் முட்டை குளிர்பெட்டிக்கு வெளியேதான் இருக்கும். ஆனால் வாங்கிய பிறகு 10 டிகிரிக்குக் கீழே வைக்கும்படி அட்டையில் எழுதியிருக்கும்.

பக்கத்தில் இருக்கும் தென்கொரியாவில் 2019 முதல் ஒவ்வொரு முட்டையின் ஓட்டிலும் அது இடப்பட்ட தேதியை அச்சிடுவது கட்டாயம். இல்லத்தரசிக்கும் ஓட்டல்காரருக்கும் ஊகம் தேவையில்லை. எண்ணைப் பார்த்தால் வயது தெரிந்துவிடும்.

ஃப்ரிட்ஜ் வருவதற்கு முன் என்ன செய்தார்கள்?

குளிர்நாடுகளில் முட்டைக்கு ஒரு பருவம் உண்டு. பகல் நீளமாக இருக்கும் வசந்தத்திலும் கோடையிலும் கோழி நிறைய முட்டையிடும். பகல் குறுகும் குளிர்காலத்தில் முட்டை ஏறக்குறைய நின்றுவிடும். அதனால் கோடை முட்டையைக் குளிர்காலம் வரை காப்பாற்றுவது பழைய ஐரோப்பியக் குடும்பங்களுக்குப் பிழைப்புப் பிரச்னையாகவே இருந்தது.

அவர்கள் கண்டுபிடித்த வழிகள் எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்தன: நுண்துளைகளை அடைப்பது.

அயர்லாந்தின் கார்க் நகரில், அப்போதுதான் இட்ட சூடான முட்டையை வெண்ணெய் தடவிய உள்ளங்கைகளில் உருட்டி எடுப்பார்கள். வெண்ணெய் ஓட்டில் ஊறி, துளைகளை மூடிவிடும். 'வெண்ணெய் முட்டை' என்ற பெயரில் அந்த ஊர்ச் சந்தையில் இது விற்கப்பட்டு வந்திருக்கிறது. பாய்மரப் படகில் மாதக்கணக்கில் கடல் கடப்பவர்கள் இன்றும் கழுவாத முட்டைகளைத் தேடி வாங்கி, வாசலின் தடவி, சில நாட்களுக்கு ஒருமுறை திருப்பித் திருப்பி வைக்கிறார்கள்.

இன்னொரு வழி, நீற்றிய சுண்ணாம்பு கலந்த தண்ணீரிலோ, 'வாட்டர் கிளாஸ்' எனப்படும் சோடியம் சிலிகேட் கரைசலிலோ முட்டைகளை மூழ்கடித்து வைப்பது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் ஒருவருக்கு வாரம் ஒரு முட்டைதான் ரேஷன். அதனுடன் முட்டைப் பொடி கொடுத்தார்கள். கொல்லையில் கோழி வளர்த்தவர்கள் உபரி முட்டைகளை வாட்டர் கிளாஸ் வாளியில் போட்டுப் பல மாதங்கள் வைத்திருந்தார்கள்.

சமூக ஊடகங்களில் இந்தப் பழைய வித்தை இப்போது மறுபடி சுற்றி வருகிறது. ஆனால் இதற்குச் சற்றும் கழுவாத, விரிசல் இல்லாத, புத்தம்புது முட்டை வேண்டும். ஏற்கனவே கழுவிய கடை முட்டையைச் சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டால், திறந்த துளைகள் வழியாகச் சுண்ணாம்பே உள்ளே போய்விடும். முட்டைக்குள் ஏற்கனவே கிருமி இருந்தால் இந்த முறை அதைக் கொல்லாது. அதனால் வீட்டில் இதைச் செய்ய உணவுப் பாதுகாப்பு நிபுணர்கள் பரிந்துரைப்பதில்லை.

சீனா முதல் இந்தோனேசியா வரை: உப்பும் சாம்பலும்

கிழக்கு ஆசியாவில் யோசனை வேறு மாதிரி போனது. முட்டையைப் புதிதாகவே வைத்திருப்பதற்குப் பதில், அதை வேறொரு உணவாகவே மாற்றிவிட்டார்கள். நாம் மாங்காயை ஊறுகாய் ஆக்குவது மாதிரி.

சீனாவின் 'பீடான்' முட்டையை ஆங்கிலத்தில் நூறாண்டு முட்டை என்று அழைத்தாலும், அதற்கு நூறு ஆண்டு ஆவதில்லை. களிமண், சாம்பல், உப்பு, சுட்ட சுண்ணாம்பு சேர்ந்த கலவையை முட்டையின் மேல் அப்பி, உமியில் உருட்டி, சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை வைப்பார்கள். காரம் உள்ளே இறங்கி, அடுப்பே இல்லாமல் முட்டையைக் கட்டியாக்கும். வெள்ளைக் கரு பழுப்பு நிற ஜெல்லி மாதிரி ஆகும். மஞ்சள் கரு கரும்பச்சையாகும். ஒருகாலத்தில் இதைச் சீராகத் தயாரிக்க ஈய ஆக்ஸைடு சேர்த்தார்கள். ஈயம் உடலுக்கு நஞ்சு என்பதால் அது இல்லாத முறைகள் பின்னர் வந்தன.

உப்பு முட்டை இன்னும் எளிது. வாத்து முட்டையை உப்பு நீரில் ஊறப்போடுவார்கள், அல்லது உப்பு கலந்த களிமண்ணால் மூடுவார்கள். மூன்று நான்கு வாரத்தில் மஞ்சள் கரு இறுகி, எண்ணெய் கசியும் ஆரஞ்சு நிற உருண்டையாகிவிடும். இந்தோனேசியாவின் பிரெபெஸ் ஊர் இதற்குப் பேர்போனது. அங்கே செங்கல் தூளும் உப்பும் கலந்து பூசுவது வழக்கம். பிலிப்பைன்ஸில் உப்பு முட்டையின் ஓட்டுக்குச் சிவப்புச் சாயம் போடுகிறார்கள். சாதாரண வாத்து முட்டையோடு குழம்பிவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. மலேசியா, சிங்கப்பூரில் இருக்கும் தமிழர்களுக்கும் கஞ்சியோடு வரும் இந்த முட்டை நன்றாகப் பழக்கமானதுதான்.

இங்கே முட்டையைக் காப்பது குளிரும் இல்லை, பூச்சும் இல்லை, உப்பும் காரமும்தான்.

அப்போ, நம்ம ஊரில் எப்படி?

தமிழ்நாட்டில் முட்டை என்றால் நாமக்கல். அந்தப் பகுதிப் பண்ணைகளில் தினமும் பல கோடி முட்டைகள் உற்பத்தியாகின்றன. 30 முட்டை கொண்ட அட்டைகளில் லாரி ஏறி, மொத்தக் கடைக்கும் அங்கிருந்து தெருமுனை மளிகைக் கடைக்கும் வருகின்றன. இவை பெரும்பாலும் கழுவப்படாதவை, குளிரூட்டப்படாமலேயே வருபவை. பெட்டியில் வரும் பிராண்டட் முட்டைகளில் சில கழுவப்பட்டவை. அது பெட்டியிலேயே எழுதியிருக்கும்.

பார்த்தால் ஐரோப்பிய வழி மாதிரி தெரிகிறது. ஆனால் இரண்டு வித்தியாசங்கள் உண்டு. ஒன்று, சில்லறையில் வாங்கும் முட்டையில் அது இடப்பட்ட தேதி பெரும்பாலும் இருக்காது. கடைக்கு வந்து எத்தனை நாள் ஆயிற்று என்பது கடைக்காரர் சொல்வதுதான் கணக்கு. இரண்டு, வெயில். முட்டை ஒரு நாள் வெளியே இருப்பது ஒரு வாரம் ஃப்ரிட்ஜில் இருப்பதற்குச் சமம் என்று பரவலாக ஒரு கணக்கு சொல்வார்கள். அது 20 டிகிரியை ஒட்டிய குளிர்நாட்டுச் சமையலறைக்குப் பொருந்தும் கணக்கு. சால்மோனெல்லா மிக வேகமாகப் பெருகுவது 35 முதல் 37 டிகிரியில். சித்திரை, வைகாசியில் ஓட்டு வீட்டுச் சமையலறையிலும், தகரக் கூரைக் கடையிலும் சர்வசாதாரணமாக இருக்கும் சூடு அது.

பழைய கிராமத்து வீடுகளில் முட்டையை அரிசிப் பானையிலோ, தவிட்டிலோ, மணலிலோ புதைத்து வைக்கும் வழக்கம் உண்டு. அதில் அறிவியல் இல்லாமல் இல்லை. தானியமும் மணலும் பகல் சூட்டைச் சட்டென்று உள்ளே விடாது, முட்டை உருண்டு விரிசல் விடாது, ஈரமும் சேராது. கழுவாத முட்டைக்கு வேண்டியதே இந்த மூன்றும்தான். ஆனால் அழுக்கு முட்டையைச் சமைக்கும் அரிசிக்குள் வைத்தால், ஓட்டில் உள்ள கிருமி அரிசியில் ஒட்டும். அதற்கு மட்டும் தனிப் பாத்திரம் நல்லது.

வீட்டில் ஃப்ரிட்ஜ் இருந்தால்

- முட்டையைக் கழுவாமல் அப்படியே வைக்கவும். எச்சம் ஒட்டியிருந்தால் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். கழுவத்தான் வேண்டும் என்றால், சமைக்கப் போகும் நேரத்தில் கழுவிக்கொள்ளலாம்.
- கதவில் இருக்கும் குழிகள் முட்டைக்காகவே செய்தவை மாதிரி தெரிந்தாலும், கதவைத் திறக்கும்போதெல்லாம் அதிகம் சூடாகும் இடம் அதுதான். உள்தட்டில், மூடிய டப்பாவில் வைப்பது மேல். வெங்காயம், மீன் வாடையும் அப்போது முட்டைக்குள் போகாது.
- கூர்முனை கீழே இருக்கும்படி வைக்கவும். காற்றறை இருக்கும் அகன்ற பக்கம் மேலே இருந்தால் மஞ்சள் கரு நடுவில் நிற்கும்.
- ஒருமுறை குளிர்ந்த முட்டையை மறுபடி வெளியே வைத்துச் சேமிக்க வேண்டாம். தேவையானதை மட்டும் எடுத்து உடனே சமைக்கவும். கரன்ட் அடிக்கடி போகும் பகுதி என்றால் கதவை அடிக்கடி திறக்காமல் இருந்தாலே குளிர் நிற்கும்.

'ஃப்ரிட்ஜ்ல வச்சா முட்டைச் சத்து போயிடும்' என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை. குளிர் முட்டையின் வயதைத்தான் மெதுவாக்குகிறது, புரதத்தை எடுத்துவிடுவதில்லை.

ஃப்ரிட்ஜ் இல்லாவிட்டால்

ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் முட்டை சாப்பிடவே கூடாது என்று இல்லை. கழுவாமல் வைப்பதுதான் அந்த வீட்டுக்கு முதல் பாதுகாப்பு. குளிர்ந்த தண்ணீரில் கழுவி, ஈரத்தோடு வெளியே வைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. அமெரிக்க வழியில் பூச்சை எடுத்தாயிற்று, ஐரோப்பிய வழியில் குளிரையும் கொடுக்கவில்லை.

அட்டைக் கணக்கில் வாங்கி அடுக்காமல், இரண்டு மூன்று நாளைக்குத் தேவையானதை மட்டும் வாங்கலாம். அடுப்பு, ஜன்னல் வெயில் இரண்டும் படாத, காற்றோட்டமான நிழலான இடத்தில் வைக்கலாம். வாங்கும்போதே விரிசல் பார்க்க வேண்டும். விரிசல் விட்ட முட்டையைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் சேமிக்க வாங்கக் கூடாது. வெயில் காலத்தில் வெளியே வைத்த முட்டையை முழுதாக வேகவைத்தே சாப்பிட வேண்டும்.

நாட்டுக்கோழி முட்டைக்கு இன்னும் ஒரு கவனம் தேவை. பண்ணைகளில் சேவல் இருக்காது என்பதால் அந்த முட்டையில் கரு வளர வாய்ப்பே இல்லை. வீட்டுக் கோழிகளோடு சேவல் இருந்தால் அதில் கரு இருக்கலாம். நல்ல சூட்டில் சில நாள் கிடந்தால் அது வளரத் தொடங்கி, உடைக்கும்போது ரத்த நரம்பு தெரியும். அவ்வளவு தூரம் போகாமல் சீக்கிரம் சமைப்பது நல்லது.

வேகவைத்த முட்டைக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. வெந்ததும் அந்த இயற்கைப் பாதுகாப்பு போய்விடும். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். ஃப்ரிட்ஜில் ஓட்டோடு வைத்தால் ஒரு வாரத்துக்குள் சாப்பிட வேண்டும்.

தண்ணீரில் மிதந்தால் கூமுட்டையா?

முட்டை பழசாக ஆக, ஈரம் வெளியேறி அகன்ற பக்கத்தில் இருக்கும் காற்றறை பெரிதாகும். அதனால் புது முட்டை தண்ணீரில் படுத்துக் கிடக்கும். கொஞ்சம் பழசானால் எழுந்து நிற்கும். ரொம்பப் பழசு என்றால் மிதக்கும். இது முட்டையின் வயதைச் சொல்லும் சோதனை. கிருமி இருக்கிறதா என்று இது சொல்லாது. சால்மோனெல்லா உள்ள முட்டை தண்ணீரில் சமர்த்தாக மூழ்கும். வாசனையிலும் வித்தியாசம் தெரியாது. கூமுட்டையை மூக்கு கண்டுபிடித்துவிடும். சால்மோனெல்லாவைக் கண்டுபிடிக்காது.

அதனால்தான் ஆஃப் பாயிலும் கலக்கியும் கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம் ஆகின்றன. குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு மஞ்சள் கருவும் இறுகும் வரை வேகவைத்துக் கொடுப்பதே பாதுகாப்பு.

பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். பல முட்டைகளை ஒன்றாக அடிப்பதால், ஒன்றில் கிருமி இருந்தாலும் மொத்தத்திலும் பரவும். வேகவைப்பது என்ற கடைசிக் கட்டமும் அதில் இல்லை. கேரளா 2023-லும், தெலங்கானா 2024-லும், தமிழ்நாடு 2025 ஏப்ரலில் ஓர் ஆண்டுக்கும் பச்சை முட்டை மயோனைஸுக்குத் தடை விதித்தது இந்தக் காரணத்தால்தான். ஜப்பானில் பச்சை முட்டை சாப்பிடுகிறார்களே என்று கேட்கலாம். அந்தச் சோற்றில் விழும் முட்டைக்குக் கழுவிய இடம், தேதி, குளிர் எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. ஷவர்மா கடை மயோனைஸில் போன முட்டை எத்தனை நாள் எந்த வெயிலில் இருந்தது என்பதற்கு எந்தக் கணக்கும் இல்லை.

எது எப்படியோ, முட்டையைக் காப்பாற்ற உலகத்தில் இருக்கும் வழிகள் நான்குதான்: இயற்கைப் பூச்சைக் கெடுக்காமல் வைப்பது, கழுவினால் குளிரை விடாமல் கொடுப்பது, துளைகளை அடைப்பது, உப்பிலும் காரத்திலும் மாற்றிவிடுவது. எந்த வழியை எடுத்தாலும் அதைக் கடைசி வரை கொண்டுபோக வேண்டும். தமிழ்நாட்டு வீடுகளுக்கு அது ரொம்ப எளிது: கழுவாமல் வையுங்கள், முடிந்தால் குளிரில் வையுங்கள், முடியாவிட்டால் கொஞ்சமாக வாங்குங்கள், எப்படி வைத்தாலும் நன்றாக வேகவையுங்கள்.